வானத்திலும் உண்டு சாலை விதி!

மதுரை வானத்தில் இப்போது நடு இரவிலும் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் நகரலாம். 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்கும் நிலையம் ஆனது.

இது பழைய இடம். இரண்டாவது உலகப் போர் நடந்த சமயத்தில், 1942-ல், பிரிட்டிஷ் விமானப்படை இதைப் பயன்படுத்தியது. 1956-ல் பயணிகள் விமானம் வந்தது. 2010-ல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 2012-ல் கொழும்புக்கு விமானம் புறப்பட்டது. ஊர் வளர வளர, ஊருக்கு மேலே உள்ள வானத்திலும் போக்குவரத்து வளர்கிறது.

விமானங்கள் கூடினால் ஒரு கேள்வியும் எழும். அவை ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளாதா?

வானம் பெரிது, வாசல் சிறிது

"வானம் எவ்வளவு பெரியது! அதில் இரண்டு விமானங்கள் முட்டிக்கொள்ளுமா?" என்று சிலர் நினைப்பார்கள்.

வானம் பெரியதுதான். ஆனால் விமானம் இறங்குகிற ஓடுபாதை சிறியது. சித்திரைத் திருவிழாவுக்கு நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். வயல்வெளியில் வரும்போது நெருக்கம் இல்லை. வைகை ஆற்றில் இறங்குகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் இடிக்கிறார்கள். விமானங்களும் அப்படித்தான். எங்கெங்கோ பறந்தவை, விமான நிலையத்தை நெருங்கும்போது ஒரே பாதைக்குள் வருகின்றன.

மதுரையைச் சுற்றி ஆனைமலை, நாகமலை, அழகர்மலை என்று மலைகள் வேறு இருக்கின்றன. விமானி அவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

ஆறு கோபுர இடைவெளி

நெருங்கிப் பறக்கும் விமானங்களைப் பிரித்து வைப்பது உயரம். சாதாரணமாக, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே 1,000 அடி உயர வித்தியாசம் வேண்டும்.

ஆயிரம் அடி என்றால் எவ்வளவு? மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. அப்படி ஆறு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆயிரம் அடி வரும். இது பெரிய இடைவெளி போலத் தோன்றும். ஆனால் கீழே இறங்குகிற விமானம் அரை நிமிடத்தில் அதைக் கடந்துவிடக்கூடும்.

இந்த ஆயிரம் அடி தவறியதால் நேர்ந்த கோரம், 1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி நடந்தது. டெல்லிக்கு மேற்கே, அரியானாவில் உள்ள சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, மாலை நேரத்தில் இரண்டு பெரிய விமானங்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானம். மற்றொன்று டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானம். 349 பேர் பலியானார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகிலேயே மிக அதிகமானவர்களைப் பலி கொண்டது இதுதான்.

கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். அதுதான் உத்தரவு. கஜகஸ்தான் விமானம் நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது.

பிழை விமானிகளுடையது மட்டும்தானா? அன்று டெல்லியில் வருகிற விமானங்களுக்கும் போகிற விமானங்களுக்கும் ஒரே வழிதான் இருந்தது. அங்கிருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டியதே தவிர, எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டவில்லை. ஒருவர் தவறு செய்தால் அதைப் பிடித்துக்கொள்ள இரண்டாவது கை இல்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் வருவதற்கும் போவதற்கும் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரத்தைக் காட்டும் ரேடாரும் வந்தது.

எள்ளளவு தெரியும் விமானம்

பெரிய விமானங்களின் கதையே இப்படி. சிறிய விமானங்களின் கதை இன்னும் சிக்கலானது.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள், இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் சிறிய விமானத்தில் பறக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பாடம், "வெளியே பார், பார்த்து விலகு" என்பதே. நல்ல பாடம்தான். ஆனால் கண் மட்டும் போதுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பயணிகள் விமானம் வருகிறது. எதிரே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய விமானம் வருகிறது. இரண்டும் சேர்ந்து மணிக்கு 600 கிலோமீட்டர். அதாவது ஆறு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் இடைவெளி குறைகிறது!

எதிரே வருவதைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, தீர்மானித்து, கைப்பிடியைத் திருப்பி, விமானம் விலகுவதற்கு ஒரு விமானிக்குச் சுமார் 12 வினாடி வேண்டும். அந்த 12 வினாடியில் இரண்டு கிலோமீட்டர் தீர்ந்துவிடும். ஆகவே, இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே கண்ணில் பட்டாக வேண்டும். அந்தத் தூரத்தில் சிறிய விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டி விரல் நுனியில் ஓர் எள்ளை வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான்!

இன்னொரு விபரீதமும் உண்டு. மோதப் போகிற விமானம், விமானியின் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்பது போலவே தெரியும். நகரும் பொருளைத்தான் கண் சட்டென்று பிடிக்கும். நகராத புள்ளியைக் கண் கவனிக்காது. கடைசி நேரத்தில்தான் புள்ளி திடீரென்று பெரிதாகும்.

1978-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்துக்கு மேலே இதுதான் நடந்தது. பயிற்சியில் இருந்த ஒரு சிறிய செஸ்னா விமானமும், இறங்க வந்த ஒரு போயிங் விமானமும் மோதின. "சிறிய விமானம் இருக்கிறது, பாருங்கள்" என்று போயிங் விமானிகளுக்குச் சொல்லப்பட்டது. அவர்களும் பார்த்தார்கள். பிறகு அது பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. மறைந்துவிட்டது என்பதை அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் மாண்டார்கள்.

வானத்தில் வலது பக்கம்

நம் சாலையில் இடது பக்கம் போக வேண்டும். வானத்தில் விதி வேறு. இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால் இரண்டும் வலது பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவருக்கு வலது பக்கத்தில் மற்ற விமானம் இருக்கிறதோ, அவர்தான் வழி விட வேண்டும். முந்துகிறவரும் வலது பக்கமாகவே முந்த வேண்டும். உலகம் முழுவதும் இதே விதிதான்.

விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கவும் ஒழுங்கு உண்டு. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல, ஓடுபாதையைச் சுற்றி நீண்ட சதுரமாக ஒரு பாதை. எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். எந்த மூலையில் இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் உத்தரவு சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று மட்டும் சொன்னால் போதாது. திருப்பிச் சொன்னால்தான், காதில் சரியாக விழுந்ததா என்று தெரியும்.

உள்ளே ஒரு காவல்காரன்

கண்ணும் காதும் தவறினால் உதவ ஒரு கருவி உண்டு. அதன் பெயர் 'டிகாஸ்'. சர்க்கி தாத்ரி விபத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரிய பயணிகள் விமானங்களில் இது கட்டாயமானது. பக்கத்தில் வரும் விமானத்தை இது அறிந்து முதலில் எச்சரிக்கிறது. ஆபத்து நெருங்கினால், ஒரு விமானியிடம் "மேலே ஏறு" என்றும், மற்றவரிடம் "கீழே இறங்கு" என்றும் சொல்கிறது.

2018-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி இந்தக் காவல்காரன் பலரைக் காப்பாற்றினான். கோயமுத்தூரிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்ற விமானமும், பெங்களூரிலிருந்து கொச்சிக்குச் சென்ற விமானமும் 27,000 அடிக்கு மேலே நெருங்கிவிட்டன. உயர வித்தியாசம் 200 அடிதான். ஆறு கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோபுரம்! கருவி எச்சரித்தது, விமானிகள் விலகினார்கள். இரண்டிலும் சேர்த்து 300-க்கு மேற்பட்ட பயணிகள் உயிர் தப்பினார்கள்.

ஆனால் இந்தக் காவல்காரனுக்கும் ஒரு குறை உண்டு. எதிரே வரும் விமானம், "நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில் இருக்கிறேன்" என்று தானே பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் கருவிக்கு 'டிரான்ஸ்பாண்டர்' என்று பெயர். சிறிய விமானத்தில் அது இல்லாவிட்டாலும், அணைந்திருந்தாலும், பெரிய விமானத்தின் காவல்காரன் குருடன்தான்.

1986-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, அனுமதி இல்லாத வானத்துக்குள் ஒரு சிறிய விமானம் நுழைந்தது. உயரத்தைச் சொல்லும் வசதி அதில் இல்லை. அது பயணிகள் விமானத்தோடு மோதி 82 பேர் மடிந்தார்கள். அதன் பிறகே அமெரிக்காவில் பெரிய விமான நிலையங்களை நெருங்கும் சிறிய விமானங்களும் உயரத்தைச் சொல்ல வேண்டும் என்ற விதி இறுகியது.

தப்பியதை எழுதி வை!

மோதல் நடந்தால் உலகத்துக்கே தெரியும். மயிரிழையில் தப்பினால்?

2022-ம் ஆண்டு ஜனவரி மாதம் பெங்களூரில், பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளிலிருந்து இரண்டு விமானங்கள் கிளம்பி, ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின. ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கண்டுபிடித்து விலக்கினார். 400-க்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஆனால் இந்தச் சம்பவம் எந்தக் குறிப்பேட்டிலும் எழுதப்படவில்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பிறகு கண்டது.

எழுதாவிட்டால் என்ன? அதற்குப் பதிலை வாஷிங்டன் நகரம் சொல்கிறது. 2025-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அங்கே இறங்க வந்த பயணிகள் விமானமும் ஒரு ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் 200 அடிக்கு மேல் போகக் கூடாத வழியில், சுமார் 300 அடி உயரத்தில் மோதல் நடந்தது. விசாரணையில் ஒரு விஷயம் வெளிவந்தது. அதற்கு முன் 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்துக்கு அருகே விமானங்களும் ஹெலிகாப்டர்களும் 15,214 தடவை நெருங்கிப் போயிருந்தன. அவற்றில் 85 தடவை மிகமிக நெருக்கம். அத்தனையும் ஏட்டில் இருந்தன. அவற்றைக் கூட்டிப் பார்த்து வழியை மாற்றியவர் இல்லை.

எழுதாமல் விடுவது ஒரு தவறு. எழுதியதைப் படிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. எழுதினால் தண்டனை வரும் என்று பயந்தால் எவரும் எழுத மாட்டார்கள். தானாக வந்து உண்மையைச் சொல்கிறவரைத் தண்டிக்காமல் பாடம் படிப்பதே நல்ல முறை.

மதுரைக்கு என்ன வேண்டும்?

மதுரை இன்று சென்னை போல நெருக்கடியான நிலையம் அல்ல. ஒழுங்கை ஏற்படுத்த இதுவே தகுந்த சமயம். நெருக்கடி வந்த பிறகு வழி பிரிப்பது கஷ்டம்.

பயிற்சி விமானங்களுக்குத் தனி இடம் இருப்பது நல்லது. தென் மாவட்டங்களில் அந்தப் பழைய போர்க்காலத்து ஓடுபாதைகள் செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்கள் சீரானால், மாணவர் அங்கே தைரியமாகப் பழகலாம். பயணிகள் விமானத்தின் வழியும் சுத்தமாக இருக்கும். தேர்தல் காலத்தில் தலைவர்கள் ஹெலிகாப்டரில் வருவார்கள். அவர்களுக்கும் உயரமும் வழியும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். அவசரம் என்பதற்காக ஆயிரம் அடி ஐந்நூறு ஆகக் கூடாது.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. கல்யாணத்திலும் திருவிழாவிலும் இப்போது 'டிரோன்' பறக்கிறது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் அதைப் பறக்க விடக் கூடாது. அதைவிடக் கிட்டே என்றால் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. 2021-ம் ஆண்டு வந்த விதி இது. அவனியாபுரத்திலோ பெருங்குடியிலோ கல்யாணப் படம் எடுப்பவர், முதலில் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். ரேடார் கண்ணுக்கு எளிதில் சிக்காத சிறு பொருள், விமானத்தின் எஞ்சினுக்குள் போனால் பெரிய ஆபத்து.

மகள் துபாயிலிருந்து வருகிறாள் என்று வாசலில் காத்திருக்கும் தாய்க்கு, மேலே எத்தனை பேர் எத்தனை விதியைக் காத்தார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் தினமும் அதைக் காத்தால் போதும்.