உம்மாவுக்குத் தேவை இல்லமா, செவிலியரா?

முதுமையடைந்த பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பற்றிய பேச்சு எழுந்தால், நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது: இது பாவமா, இல்லையா? அதற்கு அடுத்தபடியாக, "ஊர் என்ன சொல்லும்?" எந்த வகையான இல்லம், அங்கே இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார், உம்மாவின் உடல்நிலைக்கு அவ்விடம் பொருந்துமா என்று கேட்பவர் அரிது. கேட்கப்படாத இக்கேள்விகளின் விலையை உம்மாவின் உடலே செலுத்துகிறது.

மார்க்கத்தின் நிலையில் மயக்கம் ஏதுமில்லை. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24 ஆம் வசனங்கள், அல்லாஹ்வை வணங்குவதற்கு அடுத்த இடத்தில் பெற்றோருக்குச் செய்யும் நன்மையை வைக்கின்றன. அவர்களிடம் சலிப்பின் ஒரு சிறு ஒலியைக்கூட எழுப்பத் தடை விதிக்கின்றன. அவர்கள் முதுமையை அடைவது 'உன்னிடத்தில்' என்று அங்கே கூறப்படுவதை அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டுவர். ஆகவே முதல் தேர்வு வீடே. அதை மறுத்து இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆயினும் 'உன்னிடத்தில்' என்பது ஒரே கூரையின் கீழ் இருப்பதோடு நிறைவடைந்துவிடும் எனக் கொள்வது சரியன்று. பின்னறையில் படுக்கவைத்து, வேளைக்குக் கஞ்சி கொடுத்து, முதுகில் புண் வைத்த பிறகே கவனிக்கும் வீடும் வீடுதான். ஊர் அதைக் குறை சொல்வதில்லை.

பெயர்களில் உள்ள குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்வோம். தமிழகத்தில் 'நர்சிங் ஹோம்' என்றால் பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் நடைபெறும் சிறிய தனியார் மருத்துவமனை. இங்கிலாந்திலோ சிங்கப்பூரிலோ அதே சொல், எழுந்து நடமாட இயலாதவர்களை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செவிலியர் இரவும் பகலும் பராமரிக்கும் இடத்தைக் குறிக்கும். அத்தகைய இடங்கள் இப்போது நம் பெருநகரங்களிலும் வந்துள்ளன. முதியோர் இல்லம் என்பது வேறு. அங்கே உணவு, படுக்கை, துணி துவைத்தல், மாத்திரையை நினைவூட்டல், குளிக்கக் கைகொடுத்தல் ஆகியவை கிடைக்கும். செவிலியர் இருந்தாலும் பகலில் சில மணி நேரம் வந்து போவார். ஓரளவு நடமாடக்கூடிய, தனிமையால் வாடும் ஒருவருக்கு அது போதுமானது.

மூக்கு வழியாகக் குழாய் செருகி உணவூட்டப்படும் ஒருவருக்கு அது போதாது. குழாய் உரிய இடத்தில் உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தலைப்பகுதியை உயர்த்திய பின்னரே உணவைச் செலுத்த வேண்டும். தவறினால் உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா உண்டாகும். தாமாகப் புரள இயலாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திராவிடில் தொற்று ஏற்படும். இன்சுலின் போடுகிறவர் அன்று உணவைப் பாதியில் தள்ளிவிட்டார் என்றால், என்ன செய்வதென்று அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும். இவை அன்பால் மட்டும் ஆகிற வேலைகள் அல்ல. பயின்ற கைகள் வேண்டும். வெள்ளைச் சீருடை அணிந்தவர் அனைவரும் செவிலியர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ முடித்து, மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இரு திசையிலும் தவறு நிகழ்கிறது. கட்டணம் குறைவு என்பதாலோ, 'ஆஸ்பத்திரி மாதிரி இல்லாமல் வீடு மாதிரி இருக்கிறது' என்பதாலோ, பக்கவாதத்தில் படுத்துவிட்ட வாப்பாவைச் சாதாரண முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். மறுபுறம், வெளிநாட்டில் இருக்கும் மகன் மனநிம்மதிக்காக, ஐவேளையும் தாமே ஒளூச் செய்து தொழக்கூடிய உம்மாவை, சுற்றிலும் நினைவற்றவர்கள் படுத்திருக்கும் கூடத்தில் கொண்டுபோய் வைக்கிறார். முன்னவருக்குப் புண் வருகிறது. பின்னவர் பேச ஆளின்றி ஒடுங்கிப்போகிறார். இரண்டாவது தவறு வெளியே தெரிவதில்லை. ஆகையால் அதையே நான் கூடுதலாக அஞ்சுகிறேன்.

மறதி நோய் இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது. உடல் திடமாக இருக்கும், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். அவருக்கு ஊசி போடும் செவிலியரைவிட, அந்நோயைப் புரிந்த பணியாளரும் பூட்டத்தக்க வாயிற்கதவும் பழகிய முகங்களுமே தேவை. பாங்கோசையும் சிறு வயதில் ஓதிய சூறாக்களும், பிள்ளைகளின் பெயர் மறந்த பிறகும் சிலருடைய நாவில் தங்கியிருக்கின்றன. அவை காதில் விழும் இடமாகப் பார்ப்பது நல்லது.

நம்மவர் இல்லத்தைப் பார்வையிடும்போது ஹலால் உணவை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அது வேண்டியதுதான்; ஆயினும் உம்மாவைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் பெண்தானா, இரவுப் பணியிலும் பெண் உண்டா என்பது அதைவிட முந்திய கேள்வி. கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்ப இடமுண்டா, தொழுகை நேரத்திற்கு முன் அசுத்தமான டயப்பரை மாற்றுவார்களா, தயம்மும் செய்ய உதவுவார்களா என்றும் கேட்க வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை நபி (ஸல்) அவர்களே வழங்கியுள்ளார்கள். அதைப் பணியாளர்களுக்குச் சொல்லிவைப்பது நம் பொறுப்பு. ரமலானில் உம்மா அடம்பிடித்து நோன்பு வைத்தால் என்ன செய்வது என்பதையும் மருத்துவரோடும் ஆலிமோடும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நோன்பு நோற்க இயலாத முதியவருக்கு ஃபித்யா இருக்கிறது.

செலவைப் பற்றி இரண்டு செய்திகள். வசதியற்ற பெற்றோரைப் பராமரிக்கும் செலவு வசதியுள்ள பிள்ளைகளின் மீது கடமை. எனவே இல்லத்திற்குக் கட்டும் தொகையை ஜகாத் கணக்கில் எழுதுவது செல்லாது. உம்மாவுக்குச் சொந்தமான வீடும் நகையும் உம்மாவுடையவை. அவர் முழு மனத்துடன் சம்மதிக்காமல் அவற்றை விற்று அவருக்கே செலவு செய்வதும் சரியன்று. நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லம் வேண்டாம் என்று மார்தட்டும் ஆண்கள் பலர், புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை மனைவியின் தலையில் வைத்துவிட்டு வளைகுடாவிற்கு விமானம் ஏறுகிறார்கள். கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வது அப்பெண்ணின் பெருந்தன்மை, கடமை மகனுடையது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் திருமணத்திற்குப் பின்னும் பெண் தாயின் அருகிலேயே வாழும் வழக்கத்தால் முதிய உம்மாக்களுக்கு மகளின் கை எப்போதும் எட்டும் தொலைவில் இருந்தது. அந்த மகளும் இன்று பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னையில் குடியேறிவிட்டால், ஊரில் எஞ்சுவது பெரிய வீடும் ஒரு வேலைக்காரப் பெண்ணுமே.

இந்த நிலையில், வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவே மூன்றாவது ஏற்பாடொன்றை நம் ஜமாஅத்துகள் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கம், மலப்புறம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊர்தோறும் பரவியது. செவிலியரும் தன்னார்வலர்களும் ஒரு வண்டியில் வீடு வீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள், வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பெரும் செல்வர்களை எதிர்பாராமல், கடைகளிலும் வீடுகளிலும் திரண்ட சிறு தொகைகளால் அது வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன. நம் மஹல்லாவில் எத்தனை பேர் அதில் பதிந்திருக்கிறார்கள் என்று ஜமாஅத் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மினாரா புதுப்பிக்க வசூலிக்கும் ஊர்களால் ஒரு பயின்ற செவிலியருக்கு மாதச் சம்பளம் கொடுக்க இயலாது என்று நான் நம்பவில்லை. அவர் வாரம் இருமுறை வந்து போனாலே, இன்று இல்லம் தேடும் குடும்பங்களில் சில, தேடுவதை நிறுத்திவிடும். அப்படியும் இயலாதவர்கள் தயங்காமல் செவிலியர் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். சேர்க்கும் முன் மருத்துவரிடம் உம்மாவின் தேவைகளை எழுதி வாங்குங்கள்; அந்தத் தாளோடு இல்லத்திற்குச் சென்று, ஒவ்வொன்றையும் இரவில் யார் செய்வார் என்று கேளுங்கள். பெயர் சொல்லி விடை தர இயலாத இடமாயின் அடுத்த இடத்தைப் பாருங்கள். சேர்த்த பிறகு, சொல்லாமல் போய்ப் பாருங்கள்; பகலில் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை.