பாண்ட் படத்துக்கு முகம் மட்டும் போதாது

2021-இல் வெளியான ‘நோ டைம் டு டை’ படத்தின் முடிவில் ஜேம்ஸ் பாண்ட் இறந்துபோனார். ஏவுகணைகள் வந்து விழும் தீவில் நின்றபடி டேனியல் கிரெய்க் விடைபெற்றார். அன்றிலிருந்து உலகம் முழுக்க ரசிகர்கள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: அடுத்த பாண்ட் யார்? இட்ரிஸ் எல்பா, ஹென்றி கேவில், ஆரோன் டெய்லர்-ஜான்சன், காலம் டர்னர், ஜேக்கப் எலோர்டி என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரிட்டனில் பந்தயக் கடைகள் இதற்குப் பணம் வாங்கிப் போட்டுக்கொள்கின்றன. உயரம் போதுமா, முடி கறுப்பா, வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா, தோல் என்ன நிறம் என்று வரன் பார்ப்பதைப்போல விசாரணை நடக்கிறது.

இந்த ஆரவாரத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. முகம் சரியாக அமைந்துவிட்டால் படம் தானாக அமைந்துவிடும் என்பதே அது. இதைவிடத் தவறான நம்பிக்கை பாண்ட் படங்களைப் பற்றி வேறொன்று இல்லை. 1962 தொடங்கி இயோன் நிறுவனம் எடுத்த 25 படங்களும் இதற்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன. அந்தப் படங்களை உயிராக நேசிப்பதாகச் சொல்பவர்களே அந்தச் சாட்சியைக் காதில் வாங்க மறுக்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

ஷான் கானரியிலிருந்தே தொடங்குவோம். அசல் பாண்ட் அவர்தான், மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான் என்பது ரசிகர்களிடம் ஏறக்குறைய வேதவாக்கு. ஆனால் ‘டாக்டர் நோ’ படத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்குக்கே அவரைப் பிடிக்கவில்லை. எடின்பரோவில் பால் வண்டி ஓட்டிய தொழிலாளி வீட்டுப் பிள்ளை. உடற்கட்டுப் போட்டிக்குப் போனவர். ஃபிளெமிங் மனதில் இருந்த சீமானுக்கும் இவருக்கும் ஒட்டவே இல்லை. பிறகு என்ன நடந்தது? இயக்குநர் டெரன்ஸ் யங் அவரைத் தன்னுடைய தையற்காரர் ஆன்டனி சின்க்ளேரிடம் கூட்டிப்போய் சூட் தைத்துக் கொடுத்தார். எப்படி நடப்பது, எப்படிச் சாப்பிடுவது, மதுக்கோப்பையை எப்படிப் பிடிப்பது என்று பழக்கினார். படம் வெளிவந்த பிறகு ஃபிளெமிங் மனம் மாறி, 1964-இல் வந்த நாவலில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்துக்காரராகவே ஆக்கிவிட்டார். முகத்தைப் பார்த்துப் பாத்திரம் பிறந்ததாகச் சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் உட்கார்ந்து இன்னொரு மனிதரை பாண்டாகச் செதுக்கினார்.

அந்தப் படத்தில் பாண்ட் அறிமுகமாகும் காட்சியைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பாருங்கள். லண்டன் சூதாட்ட விடுதி. சீட்டு மேசை. எதிரே சிவப்பு உடையில் ஒரு பெண் தோற்றுக்கொண்டே இருக்கிறாள். ஜெயிப்பவனுடைய கைகள் தெரிகின்றன, சட்டை முனை தெரிகிறது, முதுகு தெரிகிறது. முகத்தைக் காட்டாமலே வைத்திருக்கிறார்கள். அவன் அவள் பெயரைக் கேட்கிறான். அவள் சொல்லிவிட்டு அவன் பெயரைக் கேட்கும்போதுதான் கேமரா அவன் பக்கம் திரும்புகிறது. சிகரெட்டைப் பற்றவைத்தபடி பெயரைச் சொல்கிறான். கூடவே அந்த கிட்டார் இசை எழுகிறது. அரங்கில் இருந்தவன் அந்த முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன்மேல் ஆசைப்பட்டுவிட்டான். அந்த ஆசையை உண்டாக்கியது படத்தொகுப்பாளர் பீட்டர் ஹண்டின் கத்திரி, மான்டி நார்மனின் மெட்டு, அதை ஜான் பாரி அமைத்துத் தந்த விதம், யங்கின் பொறுமை. கானரி அந்த வரியை அற்புதமாகச் சொல்கிறார், மறுக்கவில்லை. அந்த வரிக்கு முன்னால் இருக்கும் காத்திருப்பை எடுத்துவிட்டால் அது வெறும் பெயர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் தொடங்கியதும் துப்பாக்கிக் குழலுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல ஒரு வெள்ளை வட்டம் வருகிறதே, அதில் தொப்பி போட்ட ஒருவர் நடந்துவந்து திரும்பிச் சுடுகிறாரே, முதல் மூன்று படங்களிலும் அது கானரியே கிடையாது. பாப் சிம்மன்ஸ் என்ற சண்டைக் கலைஞர். உலகம் திரையில் பார்த்த முதல் பாண்ட் ஒரு டூப். யாரும் முகம் கேட்கவில்லை. மாரிஸ் பைண்டர் வடிவமைத்த அந்த வட்டமும் அந்த இசையுமே போதுமாக இருந்தன.

கானரி விலகியதும் 1969-இல் ஜார்ஜ் லேசன்பி வந்தார். ஆஸ்திரேலிய மாடல், அதுவரை சாக்லேட் விளம்பரத்தில் தலைகாட்டியவர். நடிப்பு அனுபவம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. முகக் கோட்பாடு உண்மையென்றால் ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ மறந்துபோன குப்பையாக இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அது பாண்ட் படங்களிலேயே ஆகச் சிறந்தவற்றில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. கிறிஸ்டோபர் நோலன் தனக்கு மிகப் பிடித்த பாண்ட் படம் அதுதான் என்று சொல்லியிருக்கிறார். முதல் படங்களைத் தொகுத்த பீட்டர் ஹண்டே இயக்கினார். திரைக்கதை நாவலை விட்டு விலகாமல் போனது. நாயகியாக டயானா ரிக் இருந்தார். பாரி தன் வாழ்நாளின் மிகச் சிறந்த இசைகளில் ஒன்றைக் கொடுத்தார். கடைசிக் காட்சியில் மனைவி சுடப்பட்டுக் கிடக்கும்போது லேசன்பி பேசும் சில சொற்கள் இன்றும் நெஞ்சை அடைக்கின்றன. பெரிய நடிகர் செய்ய வேண்டியதை இரண்டு மணி நேரக் கதை அந்தப் புதியவருக்காகச் செய்து வைத்திருந்தது.

அடுத்து, ‘அசல்’ பாண்ட் வேண்டும் என்று 12.5 லட்சம் டாலர் கொடுத்து கானரியைத் திரும்ப அழைத்து வந்தார்கள். 1971-இன் ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ வந்தது. கானரி அந்தப் பணத்தை ஸ்காட்லாந்து இளைஞர்களின் கல்விக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அந்தப் படத்தால் விளைந்த நல்ல காரியம் அதுதான் என்பேன். மனைவி கொல்லப்பட்ட மனிதனின் துக்கத்தை ஒரு சில நிமிடங்களில் உதறிவிட்டு லாஸ் வேகாஸில் கோமாளித்தனம் செய்யும் அந்தப் படத்தில், முகம் அதேதான். வேறெதுவும் அதில்லை.

இதற்கு மேலும் சான்று வேண்டுமென்றால் 1983 இருக்கிறது. அந்த ஆண்டு இரண்டு பாண்டுகள் மோதினார்கள். ஒருபக்கம் இயோன் நிறுவனத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் கானரி. மறுபக்கம் ‘ஆக்டோபசி’யில், பலரும் கேலி செய்துவந்த ரோஜர் மூர். உதய்ப்பூரில் எடுத்த அந்தப் படத்தில்தான் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் இந்தியக் கூட்டாளியாக வந்தார். வசூலில் ‘ஆக்டோபசி’ முந்தியது. கானரி படத்தில் அவருடைய முகம் இருந்தது. துப்பாக்கிக் குழல் வட்டம் இல்லை, அந்த இசை இல்லை, ஏனென்றால் அவற்றின் உரிமை அவர்களிடம் இல்லை. அரங்குக்குள் உட்கார்ந்ததுமே ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். ‘ஆக்டோபசி’ உயர்ந்த படம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அது பாண்ட் படம். மற்றது கானரி நடித்த ஒரு படம்.

பியர்ஸ் பிராஸ்னனுக்கு நடந்ததும் இதுவே. 1995-இல் ‘கோல்டன்ஐ’. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பாண்டை உயிர்ப்பித்த படம். 2002-இல் ‘டை அனதர் டே’. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கார், கணினியில் வரைந்த ராட்சத அலைமேல் சறுக்கும் பாண்ட். இரண்டிலும் அதே பிராஸ்னன், அதே கண்கள், அதே சிகை. முன்னதை இயக்கியவர் மார்ட்டின் கேம்பல். அதே கேம்பலைத்தான் 2006-இல் ‘கேசினோ ராயல்’ படத்துக்குக் கூப்பிட்டார்கள். பாண்டை இரண்டு முறை உயிர்ப்பித்தவர் அவர். ரசிகர்கள் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

2005 அக்டோபரில் டேனியல் கிரெய்க் பெயரை அறிவித்தபோது எழுந்த கூச்சலை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். முடி பொன்னிறம், உயரம் போதாது, முகம் வில்லன் மாதிரி இருக்கிறது என்றார்கள். தேம்ஸ் நதியில் படகில் வந்தவர் உயிர்காப்பு அங்கி போட்டிருந்ததைக்கூடப் பத்திரிகைகள் பழித்தன. படத்தைப் புறக்கணிப்போம் என்று இயக்கமே நடந்தது. அடுத்த ஆண்டு படம் வந்தது. கட்டுமான இடத்தில் ஒருவனை பாண்ட் துரத்தும் காட்சி. முன்னால் ஓடுபவன் சுவரின் மேலுள்ள சின்னத் திறப்புக்குள் மீன்போல நுழைந்து போகிறான். பின்னால் வரும் பாண்ட் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். ஒரு வசனம் இல்லாமல் இந்த பாண்ட் யார் என்று சொல்லிவிட்டார்கள்: முரடன், புதியவன், நளினம் இன்னும் கைவராதவன். முகம் பொருந்தவில்லை என்று கத்தியவர்களுக்குப் பதில் சொன்னது திரைக்கதையும் சண்டை அமைப்பும்தான். முகம் பொருந்தாததையே கதை தன் பலமாக்கிக்கொண்டது.

அதே கிரெய்க் 2008-இல் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ படத்தில் தடுமாறினார். ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம். படப்பிடிப்பின் நடுவே தானும் இயக்குநரும் உட்கார்ந்து காட்சிகளைத் திருத்த வேண்டியிருந்தது என்று கிரெய்கே பின்னால் சொன்னார். எழுத்து இல்லாதபோது எவ்வளவு நல்ல நடிகனும் வெறுமையாக ஓடிக்கொண்டுதான் இருப்பான். 2012-இல் சாம் மென்டிஸ் இயக்கி, ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்த ‘ஸ்கைஃபால்’ 100 கோடி டாலரைத் தாண்டியது. நடிகர் மாறவில்லை.

“அப்படியானால் யாரை வேண்டுமானாலும் போடலாமா?” என்று கேட்பார்கள். இல்லை. பாண்டாக நடித்த டிமோத்தி டால்டனின் கோபமும் கிரெய்கின் காயமும் அவர்களுடையவை, வேறொருவர் தந்திருக்க முடியாது. நடிகனை நான் சிறுமைப்படுத்தவில்லை. அவனுக்கு முன்னால் வைக்கப்படும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய தாடையை அளப்பதுதான் அவனைச் சிறுமைப்படுத்துவது.

“ஃபிளெமிங் எழுதியபடி இருக்க வேண்டும்” என்பது இன்னொரு வாதம். ஃபிளெமிங்கின் பாண்டுக்கு வலது கன்னத்தில் தழும்பு உண்டு. ஹோகி கார்மைக்கேல் என்ற அமெரிக்கப் பாடகரின் சாயல் உண்டு. ஆறு நடிகர்களில் ஒருவருக்கும் தழும்பு வைக்கவில்லை, அதற்காக யாரும் போராடவும் இல்லை. நாவலில் பாண்டின் அமெரிக்க நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டர் வைக்கோல் நிற முடிகொண்ட டெக்ஸஸ்காரன். கறுப்பினத்தவரான ஜெஃப்ரி ரைட் அந்த வேடத்தை எல்லோரையும்விட நன்றாகச் செய்தார். புத்தகத்தின் மேலுள்ள பக்தி தோல் நிறம் வரும்போது மட்டும் விழித்துக்கொள்கிறது என்றால், அதற்குப் பெயர் பக்தி இல்லை, இனவெறி. இட்ரிஸ் எல்பாவே, இந்தப் பேச்சு இனத்தைப் பற்றியதாக மாறியதும் தனக்கு வெறுத்துப்போனதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நல்ல நடிகரைப் பல ஆண்டுகள் சந்தையில் நிறுத்தி விலை பேசியதன் பலன் இது. அதேசமயம், கறுப்பு முகம் ஒன்றை வைத்துவிட்டால் பாண்ட் புதிதாகிவிடும் என்று நம்புபவர்களும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே தவறைத்தான் செய்கிறார்கள். பழைய கதைக்குள் புதிய முகம் மட்டும் போய் நின்றால் முதல் அடி வாங்குவது அந்த நடிகர்தான்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே உண்மையிலேயே பெரிய மாற்றம் ஒன்று நடந்து முடிந்துவிட்டது. பாண்ட் படங்களில் பங்குள்ள எம்.ஜி.எம். நிறுவனத்தை அமேசான் சுமார் 850 கோடி டாலருக்கு வாங்கிய பேரம் 2022-இல் முடிந்தது. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் படைப்பு அதிகாரமும் அமேசான் கைக்குப் போனது. தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் பிராக்கலி, ஹாரி சால்ட்ஸ்மன் காலத்திலிருந்து ஒரு குடும்பம் பிடிவாதமாகக் காத்து வந்த பொறுப்பு அது. அந்தக் குடும்பத்தின் பார்பரா பிராக்கலியும் மைக்கேல் வில்சனும் ஒதுங்கிக்கொண்டார்கள். கிரெய்கை எல்லோரும் எதிர்த்தபோது அசையாமல் நின்றவர் பார்பரா. அப்படியொருவர் இனி அந்த நாற்காலியில் இல்லை. இது ரசிகர்களை உலுக்கியிருக்க வேண்டும். அந்த வாரமே பேச்சு மறுபடியும் அடுத்த நடிகர் யார் என்பதில் போய் நின்றது. புதிய உரிமையாளர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன? எல்லோரும் முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இயக்குநர் டெனி வில்னவ், எழுத்து ஸ்டீவன் நைட் என்று அறிவித்துவிட்டார்கள். இருவரும் திறமைசாலிகள். செத்துப்போன பாண்டை எந்த விளக்கத்தோடு எழுப்பப்போகிறார்கள்? கதை இன்றைய லண்டனிலா, ஃபிளெமிங் எழுதிய 1950-களிலா? அசல் இடங்களுக்குப் போய் அசல் காரை உருட்டப்போகிறார்களா, பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்தப்போகிறார்களா? ஜான் பாரியின் இடத்தில் யார் உட்காரப்போகிறார்? அரங்குக்கு ஒரு படம் என்ற பழக்கம் நிலைக்குமா, இல்லை துணைப் பாத்திரங்களான மணிபென்னிக்கு ஒரு தொடர், க்யூவுக்கு ஒரு தொடர் என்று கடை விரிப்பார்களா? கடைசி முடிவை எடுப்பது வில்னவா, நிறுவனத்தின் கூட்ட அறையா? நடிகரை அறிவிக்கும் நாளில் பத்திரிகையாளர்கள் கையில் ஒலிவாங்கி இருக்கும். அன்றைக்கு முதல் கேள்வி அந்த மேடையின் ஓரத்தில் நிற்கும் தயாரிப்பாளரிடம் போகட்டும்.