பெயருக்குத்தான் தடை



‘ட்ரம்போ’ 2015இல் வந்த படம். தாமதமாகத்தான் பார்த்தேன். நாள் முழுக்க எழுத்தாளர்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எழுத்தாளரைப் பற்றிய படமென்றால் எனக்குக் கொஞ்சம் தாராள மனசு வந்துவிடும். இதற்கு அந்தத் தாராளம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

டால்டன் ட்ரம்போ ஹாலிவுட்டில் கொழுத்த சம்பளம் வாங்கிய திரைக்கதை ஆசிரியர், கம்யூனிஸ்ட். 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவருடைய கட்சி எது என்று கேட்டது. பதில் சொல்ல மறுத்தார். அவமதிப்புக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். அவரோடு சேர்த்துப் பத்துப் பேருக்கு இனி வேலை இல்லை என்று ஸ்டுடியோ முதலாளிகள் கூடி அறிவித்தார்கள்.

ஆனால் அவர் எழுத்து மட்டும் வேண்டியிருந்தது, அதுவும் அடிமாட்டு விலைக்கு! குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு, சிகரெட்டும் மதுவுமாக இரவெல்லாம் எழுதித் தள்ளினார். ‘ரோமன் ஹாலிடே’ கதை அவருடையது. திரையில் வந்தது நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டரின் பெயர், ஆஸ்கரும் அந்தப் பெயருக்கே. 1957இல் ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்காக ராபர்ட் ரிச் என்பவரை மேடைக்கு அழைத்தார்கள். ரிச் வரவில்லை. எழுதியவர் ட்ரம்போ.

படத்தில் ட்ரம்போவாக வரும் பிரையன் கிரான்ஸ்டன் அவரைத் தியாகியாகக் காட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. மகளின் பிறந்தநாளுக்குக்கூடத் தொட்டியைவிட்டு எழ மறுத்து எரிந்துவிழுகிறார். வீடே கூலியில்லாத வேலையாட்களாகிவிடுகிறது. சில இடங்களில் வசனம் மேடைப் பேச்சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குழுத் தலைவர் பார்னெல் தாமஸ் ஊழலில் சிக்கி ட்ரம்போ இருந்த சிறைக்கே வருவதாகக் காட்டுவது சினிமாச் சுவைக்காக. தாமஸ் சிறை போனது நிஜம். ஆனால் அந்தச் சிறைக்கு அல்ல, அதே பத்துப் பேரில் வேறு இருவர் இருந்த சிறைக்கு. நிஜமே போதுமான சுவையோடுதான் இருக்கிறது!

1960இல் ‘ஸ்பார்ட்டகஸ்’, ‘எக்ஸோடஸ்’ இரண்டிலும் அவர் பெயர் திரையில் வந்தது. ‘தி பிரேவ் ஒன்’ விருது 1975இல்தான் கைக்கு வந்தது. மறு ஆண்டே காலமானார். ‘ரோமன் ஹாலிடே’ விருதை 1993இல் மனைவி கிளியோ பெற்றுக்கொண்டார்.

பார்த்தவர்கள் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். புனைபெயரில் எழுதினாலும் சரி, பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்