இரண்டு வருடம் ஓடிய பேட்டரி

போன வாரம் காருக்கு எண்ணெய் மாற்றப் பட்டறைக்குப் போயிருந்தேன். பேட்டரிக்கு இரண்டு வயது முடிகிறதே, அதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது அண்ணே. ரெண்டு வருஷம் தாங்கினது இன்னும் ஒரு வருஷம் தாங்காதா?" என்றார் மெக்கானிக் தம்பி.

வாரத்தில் மூன்று நாள், விடியுமுன் அம்மாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகும் கார் அது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, வழிதான் முக்கியம்.

புதிய பேட்டரிகள் ஆயிரம். இரண்டு வருட முடிவில் 852 மிஞ்சுகின்றன. மூன்று வருட முடிவில் 583. மூன்றாம் வருடத்தில் போனவை 269. அப்படியானால் ஆபத்து 27 விழுக்காடுதானே? இல்லை. என் பேட்டரி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அதன் கூட்டாளிகள் 852 பேர்தான். 269ஐ 852ஆல் வகுத்தால் 32 விழுக்காடு.

ஆயிரம் பேட்டரிகளை எண்ணாமலும் இதே விடைக்கு வரலாம். இதுவரை பிழைத்த பொருள் அடுத்த நொடியில் பழுதாகும் வேகத்தைப் பழுது வீதம் என்று வைத்துக்கொள்வோம். அது மாறாமலே இருந்தால் பழைய பேட்டரியும் புதியதும் ஒன்றே, மாற்றுவது வீண். ஆனால் பேட்டரியின் தகடுகள் அரிக்கின்றன. நம்மூர் வெயில் அதை விரைவுபடுத்துகிறது. வீதம் ஏறிக்கொண்டே போகும். இப்படி ஏறும் வீதத்துக்குச் சுவீடன் பொறியாளர் வைபுல் 1951இல் எழுதிய கட்டுரையின் சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அந்த வகையில், வயதின் வர்க்கத்தை 0.06ஆல் பெருக்கியதை என் வீதமாக எடுத்தேன். இரண்டாம் வயதிலிருந்து மூன்றாம் வயதுவரை அந்தக் கோட்டின் கீழுள்ள பரப்பு 0.38.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 38 விழுக்காடு என்று எழுதிவிடக் கூடாது. ஒருமுறை செத்த பேட்டரி மறுபடி சாகாதே! 2.718 என்ற எண்ணை −0.38 அடுக்குக்கு உயர்த்தினால் 0.68. அது பிழைக்கும் வாய்ப்பு. மீதி 32 விழுக்காடு, பழைய விடையேதான். இதே கணக்கில் புதிய பேட்டரிக்கு முதல் வருட ஆபத்து 2 விழுக்காடு. மூன்று வயதைத் தாண்டியதற்கு அடுத்த வருடம் 52.

மறுநாளே போய்ப் புதியது போட்டேன். "கெடாததைப் போய் மாத்துறீங்களே" என்று தம்பிக்கு வருத்தம். பழையதைக் கையோடு தன் வேனில் மாட்டிக்கொண்டார்.