கதையும் கலைச்சொல்லும்

கதை படிப்போர் பலர்; கதையை ஆராய்வோர் சிலர். ஆராயப் புகும் மாணவருக்குக் கதைப்பின்னல், பின்னணி, பாத்திரப் படைப்பு, நோக்குநிலை, முரண் முதலிய கலைச்சொற்கள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து, கதையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று எண்ணுவோர் உளர். அங்ஙனம் எண்ணுதல் பிழை. கலைச்சொல் என்பது கதையை நோக்கி எழுப்பப்படும் வினா. வினாவை எழுப்பாமல் பெயரை மட்டும் கற்றவர், சாவியைப் பெற்றும் கதவைத் திறவாது வாயிலில் நிற்பவரை ஒப்பர்.

வ. வே. சு. ஐயர் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குளத்தங்கரை அரசமரம்' என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம். ருக்மிணி என்னும் பெண்ணின் துயர வாழ்வை அது கூறுகின்றது. கதை சொல்வது மனிதரன்று; குளக்கரையில் நிற்கும் மரம். 'இக்கதை மரத்தின் நோக்குநிலையில் அமைந்தது' என்று எழுதும் மாணவர் தவறு செய்யவில்லை. ஆயினும், ஆசிரியர் மரத்தைத் தேர்ந்தது ஏன் என்று அவர் வினவவில்லை.

மரம் ருக்மிணியைக் குழந்தைப் பருவம் முதல் அறியும். அவளிடம் அன்பு மிக உடையது. தன் நிழலில் அமர்ந்து பேசுவோர் மறைபொருளையெல்லாம் அது கேட்கும். ஆனால் அதனால் ஓரடியும் நகர இயலாது; அதன் சொல் எவர் செவியையும் சென்று சேராது. ருக்மிணியின் கணவன் நாகராஜனுக்கு மறுமணம் செய்விக்கப் பெற்றோர் முயல்கின்றனர். அவனோ உடன்படுவான்போல நடிக்கின்றான். மனைவியைக் கைவிடும் எண்ணம் அவனுக்கு இல்லை. நண்பனிடம் அவன் வெளியிட்ட அந்த உள்ளக்கருத்து மரத்துக்குத் தெரியும், ருக்மிணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் மூழ்கி உயிர் துறக்கின்றாள்.

அறிந்தும் தடுக்க இயலாத மரத்தின் நிலையே படிப்போர் நிலையும் ஆகின்றது. பாத்திரம் அறியாததைப் படிப்பவர் அறிந்திருக்கும் இவ்வமைப்பையே நாடக முரண் என்பர். ருக்மிணியே தன் கதையைக் கூறுவதாக ஆசிரியர் அமைத்திருந்தால் இந்தத் தவிப்பு நமக்கு ஏற்பட்டிராது.

பின்னணி யாது என்று வினவினால், 'ஒரு கிராமத்துக் குளக்கரை' என்று விடை கூறி அமைவர் பலர். 1906ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் வங்கி முறிந்தது. அதனை நம்பிப் பணம் இட்டோர் பலர் வறியராயினர். கதையில் ருக்மிணியின் தந்தையும் அவ்வாறே பொருள் இழக்கின்றார். செல்வம் நீங்கியதும் சம்பந்தியார் மனம் மாறுகின்றது. மறுமணப் பேச்சு எழுகின்றது. நகரத்து வங்கி ஒன்றின் வீழ்ச்சிக்கும் கிராமத்துப் பெண் ஒருத்தியின் சாவுக்கும் இடையே ஓடும் இந்தக் காரணச் சரடே கதைப்பின்னல். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பது கதை. ஒன்றனால் ஒன்று நிகழ்ந்தது என்பது பின்னல். இவ்வேறுபாட்டை ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு நூலொன்றில் தெளிவுறுத்தினார்.

பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை எனப் பிரித்தவரும் அவரே. அப்பிரிவு நெடிய நாவல்களுக்குப் பொருந்தும் அளவு இச்சிறுகதைக்குப் பொருந்துவதன்று. நாகராஜனை எவ்வகையில் சேர்த்தாலும், நல்லெண்ணம் உடைய அவன் மனைவியிடம் மட்டும் ஏன் உண்மையை மறைத்தான் என்னும் வினா எஞ்சியே நிற்கும்.

இக்கலைச்சொற்களை மேலைநாட்டு இறக்குமதி என்று இகழ்வாரும் உளர். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் உள்ளன. அவை செய்யுளுக்குக் கூறப்பட்டவை என்பது உண்மையே. அங்கே கூறப்படும் 'நோக்கு' வேறு, இங்கே கூறப்படும் நோக்குநிலை வேறு. பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது. எனினும், சொல்பவர் யார், கேட்பவர் யார், இடம் எது, காலம் எது என வினவும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று.

அவ்வினாக்களுள் 'கேட்போர்' பற்றியதை இக்கால ஆராய்ச்சியாளர் பலர் எழுப்புவதில்லை. அரசமரம் தன் நெஞ்சில் கிடந்த துயரை யாரை நோக்கிச் சொல்கின்றது? ஐயரின் கதையை மீண்டும் ஒருமுறை திறந்து மாணவர் தாமே விடை காணலாம்.