250 பெட்டி வரைந்தால் ஓவியம் வருமா?

நடிகர் முகத்தை அச்சு அசலாக வரைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போட்டோவில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்கள். அந்த நடிகர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மட்டும் போட்டோ இல்லாமல் வரையச் சொல்லிப் பாருங்கள். நாலு காலும் நாலு திசைக்குப் போகும்!

நைனார்பாளையம் போன்ற ஊரில் தானாகப் படம் பழகும் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல். அரசு கவின் கலைக் கல்லூரி என்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். வீட்டில் காட்டினால் "நல்லாருக்கு கண்ணு" என்பார்கள். எங்கே தப்பு என்று சொல்ல ஆள் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பெட்டி வரையும் பயிற்சியைச் சொல்கிறேன். இதில் தப்பைப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னசேலம் ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தில் நின்று தூரத்தில் பாருங்கள். இரண்டு தண்டவாளமும் போகப் போக நெருங்கி, ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தெரியும். அதுதான் மறைபுள்ளி. தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதைக் கணக்காக வரையும் முறைக்குப் பெயர் பர்ஸ்பெக்டிவ். 15-ம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கி இதைச் செய்து காட்டினார். சித்தன்னவாசல் ஓவியர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் தெருவையும் வீட்டையும் கண்ணில் படுகிற மாதிரி வரைய வேண்டும் என்றால் இது இல்லாமல் முடியாது.

இப்போது பெட்டிக்கு வருவோம். பள்ளி நோட்டில் இரண்டு சதுரம் போட்டு மூலைகளை இணைப்போமே, அது இல்லை. ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மூலை. அதிலிருந்து மூன்று பக்கமும் கோடு இழுங்கள். கோடுகளுக்கு நடுவே இருக்கும் மூன்று கோணமும் 90 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். பிறகு மற்ற விளிம்புகள். பின்பக்கமும் தெரிகிற மாதிரி, மீன் தொட்டி போல வரையுங்கள். ஸ்கேல் கூடாது.

மொத்தம் 12 விளிம்பு. திசைக்கு நான்காக மூன்று திசை. ஒரே திசையில் போகும் நான்கும் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கி நெருங்க வேண்டும். நெருங்குகிறதா என்று எப்படித் தெரியும்? வேறு நிற பேனாவை எடுத்து (இப்போது ஸ்கேல் வைத்துக்கொள்ளலாம்) ஒவ்வொரு விளிம்பையும் உங்களைவிட்டு விலகிப் போகும் பக்கமாக நீட்டுங்கள். இரண்டு கோடு சேரும், மூன்றாவது தனியாக எங்கேயோ போகும். சில சமயம் நெருங்குவதற்குப் பதில் விரிந்துகொண்டே போகும். பெரும்பாலும் கோளாறு தெரிவது பின்னால் மறைந்திருக்கும் கடைசி மூலையில்தான். முன்னால் செய்த சின்னச் சின்னப் பிசகெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அடுத்த பெட்டியில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் சாயுங்கள், அவ்வளவுதான்.

இர்ஷத் கரீம் என்பவர் நடத்தும் 'ட்ரா எ பாக்ஸ்' என்ற இலவசப் பயிற்சியில் இப்படி 250 பெட்டி வரையச் சொல்கிறார். உலகம் முழுக்கப் பலர் வரைகிறார்கள். பாதியில் விட்டவர்களும் நிறைய. ஒரே நாளில் 40 போட்டு மறுநாள் பேனாவைத் தொடாமல் இருப்பதைவிட, தினம் ஐந்து போட்டு 50 நாளில் முடிப்பது நல்லது. அவரே இன்னொன்றும் சொல்கிறார்: படத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இஷ்டத்துக்கு வரைய வைத்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் பெட்டியாகவே போட்டால் பத்தாவது நாளில் வெறுத்துப்போகும். மினி பஸ் ஒரு பெட்டி, பீரோ ஒரு பெட்டி, ஓட்டு வீடு என்பது பெட்டியின் மேல் கூரை. மாட்டின் உடம்பைக்கூட முதலில் ஒரு பெட்டியாகப் போட்டுவிட்டு வளைத்துக்கொள்ளலாம்.

கோடு நடுங்குகிறதா? மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி இழுங்கள். வாசலில் பெரிய கோலம் போடும் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பேனா எது என்று கேட்டால், பால்பாயின்ட் பேனாவே போதும். பென்சில் மட்டும் வேண்டாம். ரப்பர் கையில் இருந்தால் ஒரே பெட்டியை அழித்து அழித்து ராத்திரி ஆகிவிடும்.