எச்சரித்துவிட்டால் கடமை முடிந்ததா? சுரங்க ரயில் நிலையங்களின் இடைவெளியும் சட்டமும்

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்னும் அறிவிப்பு 1960களின் இறுதியிலிருந்து ஒலித்துவருகிறது. அதுவரை ஊழியர்கள் வாயால் சொல்லிவந்த எச்சரிக்கையைப் பதிவு செய்யப்பட்ட குரல் ஏற்றுக்கொண்டது. இன்று அந்தச் சொற்றொடர் பனியன்களிலும் தேநீர்க் கோப்பைகளிலும் அச்சிட்டு விற்கப்படுகிறது. எம்பேங்க்மென்ட் நிலையத்தில் நீக்கப்பட்ட பழைய குரல், அதைப் பேசிய மறைந்த நடிகரின் மனைவி வேண்டிக்கொண்டதால் 2013இல் மீண்டும் ஒலிக்கச் செய்யப்பட்டது. நெகிழ்ச்சியான அந்தக் கதையைப் பலரும் அறிவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எச்சரிக்கப்பட்டுவரும் இடைவெளி இன்னும் ஏன் மூடப்படவில்லை என்ற கேள்வி மட்டும் அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை.

சொத்துரிமை வளைத்த பாதை

இந்த இடைவெளி தானாக உண்டானதன்று. 1900இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் லண்டன் ரயில்வேயின் சுரங்கங்கள் பெரும்பாலும் தெருக்களுக்கு அடியிலேயே தோண்டப்பட்டன. தனியார் கட்டடங்களுக்கு அடியில் சென்றால் அவற்றின் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது என்பது இதற்கு முக்கியக் காரணம். தெரு வளைந்த இடங்களில் சுரங்கமும் வளைந்தது, நடைமேடையும் வளைந்தது. பேங்க் நிலையம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ரயில் பெட்டியோ நேரானது. நடைமேடையின் விளிம்பு உட்குழிந்திருந்தால் பெட்டியின் நடுப்பகுதி விலகி நிற்கும்; புடைத்திருந்தால் பெட்டியின் இரு முனைகளும் விலகி நிற்கும். நிலவுடைமையாளருக்குக் கொடுக்காமல் மிச்சப்படுத்திய தொகைக்கு, நூறாண்டுகளுக்குப் பிறகும் பயணிகள் ஈடு செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஈடு சில நேரங்களில் உயிராகவே இருக்கிறது. 2020 மே 26 அன்று வாட்டர்லூ நிலையத்தின் பேக்கர்லூ தடத்தில், ரயிலிலிருந்து இறங்கிய பயணி ஒருவர் வளைந்த நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையில் விழுந்தார். அவரால் வெளியேற முடியவில்லை. அருகில் ஊழியர்களும் இல்லை, பிற பயணிகளும் இல்லை. அவருடைய தலையும் கையும் மட்டுமே நடைமேடைக்கு மேலே இருந்ததால் ஓட்டுநரின் கண்காணிப்புத் திரையில் அவரைக் காண்பது கடினமாக இருந்தது. ரயில் புறப்பட்டபோது அவர் நசுங்கினார். அடுத்து வந்த ரயிலும் அவர்மீது மோதியது. வளைந்த நடைமேடைகளால் கூடும் அபாயத்தை லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் முழுமையாகக் கணக்கிட்டிருக்கவில்லை என்பதைப் பிரிட்டனின் ரயில் விபத்து விசாரணை அமைப்பு கண்டறிந்தது. பல்லாண்டுகளாக ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட அபாயம், நிர்வாகத்தின் கணக்கேட்டில் சரிவர இடம்பெறவில்லை.

யாருக்கான எச்சரிக்கை?

எச்சரிக்கை ஒருவகையில் சட்டக் கருவியும் ஆகும். 'நான் சொன்னேன், நீ கேட்கவில்லை' என்று சொல்ல அது வழிசெய்கிறது. கட்டியவரின் பொறுப்பை நடப்பவரின் காலடிக்கு அது நகர்த்துகிறது. மேலும், நன்றாகப் பார்க்கிற, கேட்கிற, தாண்டுகிற ஓர் உடலை அது முன்கூட்டியே கற்பித்துக்கொள்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பார்வையற்றவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் இரவுப் பணி முடித்துக் களைத்து வரும் தூய்மைப் பணியாளருக்கும் அந்த அறிவிப்பால் என்ன பயன்? கிடைமட்டத்தில் 75 மில்லிமீட்டருக்கோ உயரத்தில் 50 மில்லிமீட்டருக்கோ மேல் இடைவெளி இருந்தால் சக்கர நாற்காலிப் பயணிக்குச் சாய்தளம் போன்ற ஏறுகருவி வேண்டும் என்று பிரிட்டனின் ரயில் அணுகல் விதிகள் சொல்கின்றன. அளவு சொல்லப்படும்போதுதான் உரிமைக்கு உருவம் கிடைக்கிறது.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. நியூயார்க்கின் யூனியன் சதுக்க நிலையத்தில் ரயில் நின்றதும் நடைமேடையிலிருந்து நகரும் தகடுகள் நீண்டு இடைவெளியை நிரப்புகின்றன. 1999இல் திறக்கப்பட்ட லண்டன் ஜூபிலி தட நீட்டிப்பின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக் கதவுகள் உள்ளன. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களும் அத்தகைய கதவுகளோடுதான் 2017இல் திறக்கப்பட்டன.

இந்தியச் சட்டம் சொல்வது

பயணியைக் குற்றம்சாட்டும் வாதத்தை நம் உச்ச நீதிமன்றம் முன்பே நிராகரித்திருக்கிறது. ரயிலில் ஏற முயன்று தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கும் இழப்பீடு உண்டு, நிர்வாகத்தின் தவறு நிறுவப்பட வேண்டியதில்லை என்று 2008இல் பிரபாகரன் விஜயகுமார் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏறும்போதோ இறங்கும்போதோ நேரும் விபத்தில் பயணியின் கவனக்குறைவைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2018இல் ரீனா தேவி வழக்கில் உறுதிப்படுத்தியது. இவை 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின்கீழ் எழுந்த வழக்குகள். மெட்ரோக்களுக்கு 2002ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. எனினும் இக்கோட்பாட்டின் நியாயம் சுரங்க நிலையத்தின் வாசலோடு நின்றுவிட வேண்டிய காரணம் எதுவுமில்லை.

இழப்பீடு விபத்துக்குப் பின் வருவது. விபத்துக்கு முன் வர வேண்டியது அணுகல் உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுக் கட்டடம் என்பதன் வரையறையிலேயே ரயில் நிலையங்களையும் நடைமேடைகளையும் சேர்த்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வெளியானது 2017இல். எனவே அந்தக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.

நமக்கு இதில் என்ன?

சாதி ஒழிப்பு இயக்கத்தினர் நடைமேடை இடைவெளியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பொது நீர்நிலைகள் அனைவருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தை நோக்கி மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. காகிதத்தில் உள்ள உரிமைக்கும் அதைச் சென்றடையும் உடலுக்கும் நடுவே உள்ள தூரத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? மலக்குழி மரணங்களில் 'எச்சரித்தோம், அவர்தாம் இறங்கினார்' என்னும் வாதத்தையும் நாம் கேட்டுப் பழகியவர்கள்தாம். அங்கும் இங்கும் அபாயத்தை விட்டுவைத்தவர் தப்பித்துக்கொள்கிறார். அதில் விழுந்தவர் விசாரிக்கப்படுகிறார்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நடைமேடையிலும் உள்ள இடைவெளியின் அளவை மெட்ரோ நிர்வாகங்கள் வெளியிட வேண்டும். மீறக்கூடாத உச்ச அளவு விதியாக வகுக்கப்பட வேண்டும். அந்த அளவைத் தாண்டும் இடங்களில் ஏறுகருவியும் அதை இயக்க ஊழியரும் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இந்த அளவுகளையும் விபத்துப் பதிவுகளையும் கேட்பது கல்லூரி மாணவர்கள் நாளையே தொடங்கக்கூடிய பணி. கிடைக்கும் விடைகளோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். அளந்து எழுதப்பட்ட இடைவெளியை நிர்வாகம் மறுக்க முடியாது. அதற்குப் பிறகு எச்சரிக்கை மட்டும் விடையாகாது.